இங்கிலாந்தின் முதல் கால்பந்து கேப்டன்



போன உலகக் கோப்பைக் கால்பந்தின்போது நம் சமூகக் கூடத்தில் திரை கட்டி ஆட்டம் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கிலாந்து ஆடிய ஒரு இரவில், பக்கத்து நாற்காலியில் இருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் திரும்பி, இங்கிலாந்து அணிக்கு முதன்முதலில் கேப்டனாக இருந்தது யார் தாத்தா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வங்கியில் காலம் தள்ளியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மனம் வராது. பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. பையனுக்குப் பதில் தேடப் போனவன், ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் படித்துவிட்டு வந்தேன். அதைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் கத்பர்ட் ஜான் ஒட்டாவே. கிரிக்கெட்டின் டபிள்யூ. ஜி. கிரேஸை நம்மில் பலருக்குத் தெரியும். அந்தத் தாடிக்காரருடன் சேர்ந்து ஆட்டத்தைத் தொடங்கிய இந்த இளைஞரை அவருடைய நாட்டிலேயே நெடுங்காலம் மறந்திருந்தார்கள்.

1850ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி டோவரில் பிறந்தார். பிரான்சுக்கு மிக அருகில் இருக்கும் இங்கிலாந்துத் துறைமுகம் அது. தந்தை அறுவை மருத்துவர். அந்த ஊரின் மேயராகவும் இருந்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. வசதியான வீடுதான், ஆனால் பிரபுக் குடும்பம் கிடையாது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் இந்த வித்தியாசம் பெரிது. நிலமும் பட்டமும் உள்ளவன் வேலை செய்யாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். மருத்துவரின் மகன் படித்தாக வேண்டும், ஒரு தொழிலைப் பிடித்தாக வேண்டும்.

கத்பர்ட் படித்தது ஈட்டன் பள்ளியில். ஈட்டன் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதி சரி. 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் அந்தப் பள்ளியைத் தொடங்கியதே 70 ஏழை மாணவர்களை இலவசமாகப் படிக்க வைப்பதற்காக. பிற்பாடு கட்டணம் கட்டிப் படிப்பவர்கள் பெருகிப்போய் அவர்களே பெரும்பான்மை ஆனார்கள். ஆனாலும் அந்த 70 இடங்கள் அப்படியே இருந்தன. ஒட்டாவேயின் காலத்தில் கடினமான தேர்வு எழுதித்தான் அவற்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். லத்தீனும் கிரேக்கமும் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். மன்னரின் உதவித்தொகை மாணவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு தனி விடுதியில் இருப்பார்கள். ஒட்டாவே அந்த 70 பேரில் ஒருவர். விளையாட்டுப் பிள்ளை படிப்பில் மட்டம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம் அல்லவா, அது இவரிடம் செல்லாது.

அந்தப் பள்ளியில் அவர் மனதுக்குப் பிடித்த ஆட்டங்களில் ஒன்று ராக்கெட்ஸ். நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய கூடத்தில், கடினமான சிறிய பந்தை நீண்ட மட்டையால் சுவரில் அடித்து ஆடுவது. இன்றைய ஸ்குவாஷுக்கு இதுதான் தாய். இந்த ஆட்டம் எங்கே வளர்ந்தது தெரியுமா? லண்டனில் கடன்காரர்களை அடைத்து வைத்த சிறைச்சாலைகளில். கடனைக் கட்ட முடியாமல் உள்ளே போனவர்கள், பொழுது போகாமல் சிறைச் சுவரில் பந்தடித்துப் பழகிய விளையாட்டு, அங்கிருந்து வெளியேறி மேட்டுக்குடிப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. கடனுக்காகச் சிறை வைக்கும் வழக்கத்தை 1869இல் பெரும்பாலும் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வாராக் கடன் பதிவேடுகளோடு பல வருடம் மல்லுக்கட்டிய எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

அதே 1869இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டனுக்கும் ஹாரோவுக்கும் நடக்கும் ஆண்டுப் போட்டியில் ஒட்டாவே 108 ஓட்டங்கள் எடுத்தார். ஈட்டன் வென்றது. பள்ளிப் பையன்கள் ஆட்டம்தானே என்று நினைக்காதீர்கள். லண்டனின் பெரிய மனிதர்கள் குதிரை வண்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து குவியும் திருவிழா அது. பதினெட்டு வயதில் அவர் பெயர் செய்தித்தாள்களில் வந்துவிட்டது.

பிறகு ஆக்ஸ்போர்டு, பிரேஸ்நோஸ் கல்லூரி. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் எல்லா விளையாட்டிலும் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். கேம்பிரிட்ஜுக்கு எதிராகத் தன் பல்கலைக்கழகத்துக்காக ஒரு விளையாட்டில் இறங்குவதே ஒரு மாணவன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் பெருமை. ஒட்டாவே ஐந்து விளையாட்டுகளில் இறங்கினார். கிரிக்கெட், கால்பந்து, ராக்கெட்ஸ், நூறு கெஜ ஓட்டம், அப்புறம் ரியல் டென்னிஸ். கடைசியாகச் சொன்னது, இன்று நாம் பார்க்கும் டென்னிஸுக்கு முன்னோடி. கூடத்துக்குள் சாய்வான கூரைகளிலும் சுவர்களிலும் பந்தைப் பட வைத்து ஆடுவது. ஓட்டத்துக்கு வேண்டிய கால் வேறு, கிரிக்கெட்டுக்கு வேண்டிய பொறுமை வேறு, ராக்கெட்ஸுக்கு வேண்டிய மணிக்கட்டு வேறு. இவை எல்லாம் ஒரே உடம்பில் இருந்திருக்கின்றன.

இங்கே சொந்தக் கணக்கு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். என் மகன் பள்ளி அணியில் விக்கெட் கீப்பர். பத்தாம் வகுப்பு தொடங்கியதும் அவனுடைய கையுறைகளை எடுத்து லாஃப்டில் போட்டது நான்தான். தேர்வு முடியட்டும், எடுத்துத் தருகிறேன் என்றேன். பத்து முடிந்து பதினொன்று வந்தது, பன்னிரண்டு வந்தது, பொறியியல் வந்தது. போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்தக் கையுறைகள் கிடைத்தன. தோல் விறைத்துப்போய் விரல் நுழையவில்லை. மகன் வெளிநாட்டில் நன்றாகத்தான் இருக்கிறான். இதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒட்டாவேயும் விக்கெட் கீப்பிங் செய்வார் என்று படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மேயர் வீட்டுப் பிள்ளைக்கு இருந்த ஓய்வு, ஒரு கிளார்க் வீட்டுப் பிள்ளைக்கு ஏது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் உண்மையும் இருக்கிறது, கொஞ்சம் சாக்கும் இருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். 1870ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு கேம்பிரிட்ஜ் கிரிக்கெட் போட்டி. கிரிக்கெட் பார்க்கும் நண்பர்கள் இந்தப் பத்தியைப் பொறுமையாகப் படியுங்கள். கேம்பிரிட்ஜ் முதல் இன்னிங்ஸில் 147. ஆக்ஸ்போர்டு 175. கேம்பிரிட்ஜ் மறுபடி ஆடி 206. ஆக, ஆக்ஸ்போர்டு வெல்ல 179 ஓட்டங்கள் வேண்டும். இருபது வயதுகூட நிரம்பாத ஒட்டாவே, அவசரப்படாமல் நின்று 69 எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது வெற்றி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. கடைசியில் மூன்று ஓட்டங்கள் வேண்டும், கையில் மூன்று விக்கெட்டுகள். பந்து வீச வந்தவர் ஃபிராங்க் காப்டன். அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று பேரையும் வெளியேற்றினார். ஆக்ஸ்போர்டு 176க்குச் சுருண்டது. இரண்டே ஓட்டங்களில் கேம்பிரிட்ஜ் வென்றது. இன்றைக்கும் அந்த ஆட்டத்துக்குக் காப்டன் மேட்ச் என்றே பெயர். மூன்று பந்து போட்டவர் பெயர் நின்றது. 69 ஓட்டம் எடுத்து அணியை அதுவரை கொண்டுவந்து சேர்த்தவர் பெயர், ஆட்ட விவரத்தைத் தேடிப் படிப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது புரியும்.

1872ஆம் ஆண்டு கோடையில் ஒரு பெரிய பயணம். லண்டனின் எம்.சி.சி. கிரிக்கெட் கிளப்பின் செயலர் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஊதியம் வாங்காமல் ஆடும் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினார். அதில் கிரேஸ் இருந்தார். பிற்காலத்தில் பம்பாய் மாகாணத்துக்கு ஆளுநராக வந்த லார்டு ஹாரிஸ் இருந்தார். ஒட்டாவேயும் இருந்தார். கிரேஸுடன் தொடக்க ஆட்டக்காரராக இறங்குவது இவர்தான். அங்கே எதிரணியில் எத்தனை பேர் தெரியுமா? இருபத்திரண்டு! உள்ளூர்க்காரர்கள் பலவீனமானவர்கள் என்பதால் சமநிலைக்காக அப்படி ஒரு ஏற்பாடு. இருபத்திரண்டு பேர் சுற்றி நின்றால் பந்தை எங்கே தட்டுவது! மாண்ட்ரியல், டொரோன்டோ, ஹாமில்டன், நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன் என்று ஊர் ஊராகப் போனார்கள். ஒட்டாவா நகரிலும் ஆடினார்கள். ஒட்டாவாவில் ஒட்டாவே.

மேலே சொன்ன ஊர்களில் ஹாமில்டனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாரியன் ஸ்டின்சன் என்ற பெண் அந்த ஊர்க்காரர். 1872இல் அவர் பள்ளி செல்லும் சிறுமி. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பயணம் முடிந்து ஊர் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், அடுத்த அழைப்பு வந்தது. இதற்கு முன்கதை ஒன்று வேண்டும். அந்தக் காலத்தில் கால்பந்துக்கு ஒரே விதி என்பது கிடையாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விதி. ஈட்டனில் ஒரு நீளச் சுவரை ஒட்டிச் சேற்றில் புரண்டு ஆடும் ஆட்டம் ஒன்று இன்றும் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், செயின்ட் ஆண்ட்ரூ திருநாளை ஒட்டி, உதவித்தொகை மாணவர்களும் மற்றவர்களும் அதில் மோதுவார்கள். 1909க்குப் பிறகு அந்தப் போட்டியில் யாரும் கோல் போட்டதில்லை, அப்படிப்பட்ட ஆட்டம். இந்தக் குழப்பத்தை எல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் தொடங்கினார்கள். அதன் செயலர் சார்லஸ் ஆல்காக் ஓயாத உழைப்பாளி. எஃப்.ஏ. கோப்பை அவர் யோசனை. நாட்டுக்கு நாடு மோத வேண்டும் என்பதும் அவர் யோசனைதான்.

லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்காட்லாந்து என்ற பெயரில் சில போட்டிகளை அவர் ஏற்கெனவே நடத்தியிருந்தார். அவற்றில் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர்கள் பெரும்பாலும் லண்டனில் குடியிருந்தவர்கள். உண்மையான ஸ்காட்லாந்துக்காரர்களோடு அவர்கள் மண்ணிலேயே ஆடிப் பார்ப்போம் என்று 1872 நவம்பர் 30ஆம் தேதி நாள் குறித்தார்கள். அதுவும் செயின்ட் ஆண்ட்ரூ திருநாள்தான். ஆல்காக்கே கேப்டனாகப் போயிருப்பார். அவருக்கு அடிபட்டிருந்ததால் ஆட முடியவில்லை. பொறுப்பு 22 வயது ஆக்ஸ்போர்டு மாணவர் ஒட்டாவேயிடம் வந்தது. ஆல்காக் கோட்டு போட்டுக்கொண்டு நடுவர்களில் ஒருவராக நின்றார்.

இடம் கிளாஸ்கோவில் பார்ட்டிக் பகுதியில் உள்ள ஹாமில்டன் கிரசென்ட். கனடாவில் பார்த்த பெயர் மறுபடி வந்ததைக் கவனித்தீர்களா? அது ஒரு கிரிக்கெட் கிளப்பின் மைதானம். முந்தைய நாட்களின் மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். சுமார் 4,000 பேர் வந்தார்கள். கூட்டம் சேர்ந்து ஆட்டம் தொடங்கவே தாமதமானது. ஸ்காட்லாந்தின் பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள், கருநீலச் சட்டை. இங்கிலாந்துக்காரர்கள் பல கிளப்புகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. ஆமாம், தொப்பி போட்டுக்கொண்டு கால்பந்து ஆடினார்கள். இரண்டு கோல் கம்பங்களுக்கும் மேலே குறுக்குச் சட்டம் கிடையாது, ஒரு நாடாவைக் கட்டியிருந்தார்கள். ஸ்காட்லாந்து ஒருமுறை உதைத்த பந்து உள்ளே போய்விட்டது என்று கூட்டம் கூச்சலிட்டது. நாடாவுக்கு மேலே போனது என்று தீர்ப்பானது.

உங்களுக்கு இதில் நான் சொல்ல விரும்புவது ஆட்டம் ஆடிய விதம். இங்கிலாந்து எட்டுப் பேரை முன்னால் நிறுத்தியது. பின்னால் காவலுக்கு இரண்டே பேர், அப்புறம் கோல் கீப்பர். காரணம் எளிமையானது. அவர்கள் பழகிய ஆட்டத்தில், பந்து கிடைத்தவன் அதைக் காலிலேயே உருட்டிக்கொண்டு எதிராளிகளை வெட்டி வெட்டிப் போவான். மற்றவர்கள் பின்னாலேயே ஓடி, அவன் தவறவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். சகாவுக்குத் தட்டிக்கொடுப்பது என்பது ஆண்மைக் குறைவு போல. இந்த உருட்டும் கலையில் ஒட்டாவே கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். எதிரே நின்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் உடம்பில் இளைத்தவர்கள், எடையிலும் குறைந்தவர்கள். ஆனால் ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடுகிறவர்கள். ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுத்து ஆடினார்கள். ஒன்றரை மணி நேர ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை. உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்துப் போட்டி 0–0 என்று முடிந்தது. அன்று ஒரு புகைப்படமும் எடுக்கப்படவில்லை. நமக்கு இருப்பது ஓவியர்கள் வரைந்த படங்கள் மட்டுமே.

கோலே விழாத ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இன்று உலகில் இருநூறுக்கு மேற்பட்ட நாடுகள் ஆடும் ஆட்டத்துக்கு அது பிள்ளையார் சுழி. அதைப் போட்டவர்களில் ஒருவர் நம் கதாநாயகர்.

அடுத்த ஆண்டு, 1873 மார்ச் 29, எஃப்.ஏ. கோப்பை இறுதி. ஆக்ஸ்போர்டு அணி லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் வாண்டரர்ஸ் கிளப்போடு மோதியது. அதே நாளில் தேம்ஸ் நதியில் படகுப் போட்டி இருந்ததால் கால்பந்தைக் காலையிலேயே முடித்துக்கொண்டார்கள். படகைப் பார்க்கத்தான் மக்கள் அவசரம். கோப்பை இறுதிக்கு அன்று அவ்வளவுதான் மதிப்பு! ஒரு கோல் பின்தங்கியதும் ஆக்ஸ்போர்டு தன் கோல் கீப்பரையே முன்னால் ஆட அனுப்பிவிட்டு, காலியான கோலில் இரண்டாவதையும் வாங்கிக்கொண்டது. 2–0 தோல்வி. வாண்டரர்ஸுக்கு அன்று முதல் கோல் போட்ட ஆர்தர் கின்னேர்டு ஒரு வங்கிக் குடும்பத்துக்காரர். அவர்களுடைய வங்கி பிறகு பார்க்ளேஸோடு சேர்ந்தது. செம்பட்டைத் தாடியோடு ஒன்பது கோப்பை இறுதிகள் ஆடி, பின்னர் கால்பந்துச் சங்கத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்தார். வங்கிக்காரர் என்பதால் அவரை இங்கே நுழைத்துவிட்டேன், மன்னிக்கவும்.

1874 மார்ச் மாதம்தான் ஒட்டாவேயின் விளையாட்டு வாழ்க்கையின் உச்சம். மார்ச் 7ஆம் தேதி மறுபடி கிளாஸ்கோவில் இங்கிலாந்தின் கேப்டன். இம்முறை ஸ்காட்லாந்து 2–1 என்று வென்றது. தட்டிக்கொடுத்து ஆடும் முறை உருட்டிக்கொண்டு ஓடும் முறையை மடக்கத் தொடங்கிவிட்டது. தனி ஒருவனின் திறமையை நம்பிய ஆட்டத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது என்று இப்போது நமக்குத் தெரிகிறது; மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 14, ஓவல் மைதானம். எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆக்ஸ்போர்டின் கேப்டன் ஒட்டாவே. எதிரணி ராணுவப் பொறியாளர்களின் ராயல் எஞ்சினியர்ஸ். சேர்ந்து ஆடுவதில் இங்கிலாந்திலேயே பேர் பெற்றவர்கள். முதல் இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கோல் போட்டு, அதைக் கடைசிவரை காத்து ஆக்ஸ்போர்டு வென்றது. ஒரு பல்கலைக்கழக அணி அந்தக் கோப்பையை வென்றது அது ஒருமுறைதான்.

மறு ஆண்டு இறுதிப் போட்டியிலும் ஆடினார், பழைய ஈட்டன் மாணவர்களின் அணிக்காக. எதிரே மறுபடியும் ராயல் எஞ்சினியர்ஸ். புயல் போலக் காற்று வீசிய அந்த ஆட்டத்தில் முதல் பாதியிலேயே காலில் பலமாக அடிபட்டு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். மிச்சமிருந்த பத்துப் பேர் சமாளித்து 1–1 என்று நிறுத்தினார்கள். மறு ஆட்டத்தில் அவர் இல்லை. எஞ்சினியர்ஸ் 2–0 என்று வென்றார்கள். ஒட்டாவேயின் கால்பந்து அத்தோடு சரி.

அவருக்கு அப்போது 24 வயது. கால்பந்தில் யாரும் காசு வாங்கக் கூடாது என்ற காலம் அது. ஊதியத்துக்கு ஆடலாம் என்று சங்கம் ஒப்புக்கொண்டது 1885இல்தான். ஆகவே இவ்வளவும் அவர் செய்தது படிப்புக்கு நடுவே. அடுத்து வயிற்றுப்பாட்டுக்கான தொழிலைப் பார்க்க வேண்டும். லண்டனில் சட்டம் படித்து 1876இல் பாரிஸ்டரானார். மிடில்செக்ஸ் அணிக்காகக் கிரிக்கெட்டும் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டோடு பெரிய கிரிக்கெட்டையும் விட்டுவிட்டார். புதிய பாரிஸ்டருக்கு முதல் சில ஆண்டுகள் வழக்கு வருவது அபூர்வம். வந்த வழக்கை விட்டுவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? நம் ஊர் வக்கீல் வீடுகளிலும் இதே கதைதானே. அவர் கையுறைகளை யாரும் எடுத்து லாஃப்டில் போடவில்லை. அவரே எடுத்து வைத்தார். எடுத்து வைக்கும்போது அவர் முழுவதுமாக ஆடி முடித்திருந்தார். நான் என் மகனுக்குச் செய்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

இப்போது மாரியன் ஸ்டின்சன். கிரிக்கெட் குழு கனடாவுக்குப் போய் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1877 ஆகஸ்டில் ஒட்டாவேக்கும் மாரியனுக்கும் திருமணம் நடந்தது. கடல் தாண்டிக் கிடைத்த பெண். நீராவிக் கப்பலில் கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும் காலத்தில் அந்த உறவு நிலைத்திருக்கிறது. மணமகளுக்கு வயது பதினெட்டு போல. லண்டனில் குடித்தனம் வைத்தார்கள். மாரியன் கருவுற்றார்.

1878 வசந்த காலம் தொடங்கிய சமயம். ஒட்டாவே ஒரு நாள் இரவு நடன விருந்துக்குப் போயிருந்தார். ஆடிக் களைத்து வியர்த்து வெளியே வந்தவரைக் குளிர் பிடித்துக்கொண்டது. சாதாரணச் சளிதான் என்று தொடங்கியது முற்றிவிட்டது. பென்சிலின் கண்டுபிடிக்க இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்தன. நெஞ்சுச் சளிக்கு எதிராக ஒரு மருத்துவரின் மகனுக்கும் அன்று வைத்தியம் கிடையாது. ஏப்ரல் 2ஆம் தேதி இறந்தார். வயது 27 முடிந்து எட்டரை மாதம். மணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. நூறு கெஜத்தை மூச்சிரைக்காமல் ஓடிய நெஞ்சு அது.

அவர் இறந்த பிறகுதான் மகள் பிறந்தாள். லிலியன் என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் முகத்தைப் பார்க்காத பிள்ளை. பத்தொன்பது வயது விதவையின் கையில் குழந்தை, ஊரோ கடலுக்கு அப்பால். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே படித்தேன்.

கிரேஸ் அறுபத்தேழு வயதுவரை இருந்தார். கின்னேர்டு எழுபத்தைந்து வயதுவரை. ஆல்காக் அறுபத்து நான்கு. அவர்கள் நினைவுகளை எழுதினார்கள், சங்கங்களுக்குத் தலைமை தாங்கினார்கள், விழாக்களில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். 1878இல் செத்துப்போனவருக்கு இந்த எதுவும் இல்லை. அவர் போன பிறகுதான் கால்பந்து லட்சக்கணக்கானவர்களின் ஆட்டமாக மாறியது. ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை அரைநாள் விடுமுறையில் மைதானங்களை நிறைத்தார்கள். காசு வாங்கி ஆடுபவர்கள் வந்தார்கள். பழைய மாணவர்களின் அணிகள் காணாமல் போயின. முதல் கேப்டன் யார் என்று கேட்க ஆள் இல்லை.

வடமேற்கு லண்டனில் பாடிங்டன் பழைய கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். நாளடைவில் கல்லறை சிதைந்து, புல் மூடிக் கிடந்தது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் வாழ்க்கையைத் தேடி எடுத்து ஒருவர் புத்தகம் எழுதினார். கால்பந்துச் சங்கத்துக்கு 150 வயது நிறைந்த 2013ஆம் ஆண்டு வாக்கில் கல்லறையையும் சீர்செய்து புதிய கல் வைத்தார்கள். 2019 நவம்பரில் இங்கிலாந்து தன் ஆயிரமாவது சர்வதேசப் போட்டியை ஆடி, மாண்டினீக்ரோவை 7–0 என்று வென்றது. கிளாஸ்கோவின் ஹாமில்டன் கிரசென்டில் இன்றும் கிரிக்கெட்தான் ஆடுகிறார்கள்.

கேள்வி கேட்ட பையனைப் போன வாரம் லிஃப்டில் பார்த்தேன். பதில் கிடைத்துவிட்டது என்று பெயரைச் சொன்னேன். இங்கிலாந்துக்காக எத்தனை கோல் போட்டார் என்று கேட்டான். இரண்டு ஆட்டம், ஒரு கோலும் இல்லை என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது அவனுக்கு. தரைத்தளம் வந்ததும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.